சருகு என்று சொன்ன படம்

போன தை மாதம் புளியரையில் ஒரு கல்யாண வீடு. பந்தி முடிந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த சித்தப்பா என் போனை வாங்கி, நான் எடுத்த பட்டாம்பூச்சிப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டு வந்தார். நீலமும் பச்சையுமாக மினுக்கியவற்றுக்கெல்லாம் ‘அடேயப்பா’ போட்டவர், ஒரு படம் வந்ததும் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

“ஏலே, இது என்னடே? காஞ்ச சருகைப் போயி படம் புடிச்சு வச்சிருக்க?”

அது சருகில்லை. ஈற்றை என்கிற மூங்கில் ஜாதியின் இலையடியில் சிறகை மூடி உட்கார்ந்திருக்கும் டிராவன்கூர் ஈவ்னிங் பிரவுன் என்ற பட்டாம்பூச்சி. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியை விட்டால் உலகத்தில் வேறெங்கும் இது கிடையாது. அந்தப் பகுதியிலும் ஈற்றைப் புதர் இருக்கிற இடமாகப் பார்த்து, அந்தி மங்கும் நேரமாகப் பார்த்துத்தான் பறக்கும். என் படம் கொஞ்சம் கலங்கல். இடதுபக்கம் ஒரு தண்டு குறுக்கே போகிறது. ஆனாலும் என்னிடம் இருக்கும் நாலாயிரத்துச் சொச்சம் படங்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்றால் இதைத்தான் எடுத்துக்கொள்வேன். கல்யாண வீட்டுச் சத்தத்தில் இதையெல்லாம் சித்தப்பாவிடம் விளக்க முடியவில்லை. “சருகு மாதிரி ஒரு பூச்சி சித்தப்பா” என்று மட்டும் சொன்னேன். அவரும் சரி என்று அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

எனக்குக் கழுதுருட்டிக்கு மேலே ஒன்றரை ஏக்கர் ரப்பர். செங்கோட்டையிலிருந்து புனலூருக்கு ரயிலில் வருகிறவர்கள் பதிமூன்று கண் பாலத்தை எட்டிப் பார்ப்பார்களே, அந்த ஊர்தான். தாத்தா காலத்தில் தென்காசிப் பக்கமிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்த குடும்பம். வீட்டில் தமிழ், கடையில் மலையாளம். ரப்பர் பால் வெட்டுவதும் நானேதான். ஒன்றுவிட்டு ஒருநாள் விடியக்காலம் மூன்றரைக்கு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இறங்கினால், பால் எடுத்து டிஷ்ஷில் ஊற்றி ஆசிட் கலந்து வைப்பதற்குள் ஒன்பதரை ஆகிவிடும். உறைந்த பாலை அழுத்தி ஷீட் அடிப்பது சாயங்காலம்தான். நடுவில் பகல் முழுக்கச் சும்மா. பட்டாம்பூச்சி பார்க்க இதைவிடத் தோதான வேலை இருக்கிறதா என்று தெரியவில்லை. அவையும் வெயில் ஏறிய பிறகுதான் வேலையைத் தொடங்குகின்றன.

ஆரம்பம் ஓடையில்தான். 2016 மார்ச்சில் நல்ல காய்ச்சல் வெயில். ஓடை வற்றி ஈரமணல் மட்டும் மிச்சமிருந்தது. அந்த மணலில் நாற்பது ஐம்பது பூச்சிகள் தோளோடு தோள் உரசி உட்கார்ந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தன. காமன் புளூபாட்டில், ஃபைவ்-பார் ஸ்வோர்ட்டெயில், வெள்ளை வெள்ளையாக அல்பட்ராஸ். பெயரெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டவை. இப்படி மணலில் கூடுவது பெரும்பாலும் ஆண் பூச்சிகள். மண்ணிலிருக்கும் உப்புச்சத்துக்காக வருகின்றன. அந்த உப்பில் ஒரு பங்கு இணைசேரும்போது பெண்ணுக்குப் போய், முட்டைக்கும் சேர்கிறது. அன்றைக்குப் போனில் எடுத்த படத்தைப் பார்த்துப் பார்த்து, மரத்தில் ஒட்டிக் காய்ந்த ஒட்டுப்பால் விற்ற காசைச் சேர்த்து, கொல்லத்தில் ஒரு பழைய நிக்கான் டி5300 கேமராவும் 70–300 லென்ஸும் வாங்கினேன். வீட்டில் ஒரு வாரம் யாரும் பேசவில்லை.

கிட்டே போய்ப் பெரிதாக எடுக்கும் மேக்ரோ லென்ஸ் வாங்கவில்லையா என்று பலர் கேட்கிறார்கள். காசில்லை என்பது ஒரு காரணம். ஆனால் இந்த லென்ஸில் ஒன்றரை மீட்டருக்குள் போனால் ஃபோகஸே பிடிக்காது என்பது எனக்கு நல்லதாகப் போயிற்று. பக்கத்தில் போக முடியாததால் பூச்சியை விரட்டாமல் எடுக்கப் பழகினேன். மேக்ரோ வைத்திருக்கும் நண்பர்கள் முதல் வருஷம் முழுக்கப் பூச்சி பறந்துபோன இலையைத்தான் எடுத்தார்கள். சின்ன நீலப் பூச்சிகளை எடுக்கும்போது மட்டும் லென்ஸ் முகப்பில் ஒரு க்ளோஸ்-அப் கண்ணாடியை மாட்டிக்கொள்கிறேன்.

மற்றபடி கேமரா விஷயத்தில் சொல்ல அதிகமில்லை. பகலில் ஷட்டர் வேகம் நொடியில் ஐந்நூறில் ஒரு பங்குக்குக் கீழே போகாது, லென்ஸ் துளை f/8இலிருந்து f/11க்குள், ஒளியுணர்வைக் கூட்டிக் குறைக்கும் ஐஎஸ்ஓவைக் கேமராவிடமே விட்டுவிடுவேன். இதைவிட முக்கியம் சிறகின் தளமும் லென்ஸின் முகமும் நேருக்கு நேர் இருப்பது. சிறகு கொஞ்சம் சாய்ந்திருந்தால் ஒரு ஓரம் தெளிவாகவும் மறு ஓரம் புகையாகவும் வரும். அதற்கு நாம்தான் மண்டியிட வேண்டும், சாய வேண்டும், சில நேரம் ஓடைத் தண்ணீரில் குப்புறப் படுக்க வேண்டும். அப்புறம் நிழல். நம் நிழல் பூச்சிமேல் விழுந்த நொடியே அது இருக்காது. சூரியன் எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டுத்தான் முதல் அடி வைக்க வேண்டும்.

முதல் இரண்டு வருஷம் நான் பைத்தியமாக அலைந்தது புத்தமயூரிக்காக. மலபார் பேண்டட் பீகாக் என்று ஆங்கிலத்தில் சொல்வது. 2018இல் கேரளா இதை மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்தது. அடுத்த வருஷம் தமிழ்நாடு தமிழ் மறவனை அறிவித்தது. எங்கள் மலையில் இரண்டுமே உண்டு என்பதால் எங்களுக்குச் சண்டையில்லை. புத்தமயூரி கருஞ்சிறகின் நடுவே பட்டையாக ஒரு நீலப்பச்சை வைத்திருக்கும். வெயில் பட்டால் அந்தப் பட்டை எரிகிற மாதிரி இருக்கும். ஆனால் மரத்தலைக்கு மேலேயே சீறிக்கொண்டு போகும். பின்னாலேயே ஓடி, முள் கிழித்து, ஒருமுறை செருப்பு அறுந்து, வானத்தில் கரும்புள்ளியாகத் தெரிகிற படங்கள் முப்பதோ நாற்பதோ சேர்ந்தன.

எங்கள் பக்கத்து வனத்துறை வாட்சர் ஒருநாள் அவற்றைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “மோனே, பூச்சி பின்னால ஓடாதே. முள்ளிலம் எங்க நிக்குதுன்னு பாரு.” பாதி தமிழ், பாதி மலையாளம், அவர் பேச்சே அப்படித்தான். முள்ளிலம் என்பது தண்டெல்லாம் முள் முளைத்த ஒரு காட்டு மரம். புத்தமயூரியின் புழு தின்பது அதன் இலையைத்தான். எங்கள் தோட்டத்து மேல்வேலியிலேயே ஒன்று நின்றது. அத்தனை வருஷம் அதை நான் துணி கிழிக்கும் மரமாக மட்டும் பார்த்திருந்தேன். முட்டையிட வந்த பெண்ணை அங்கே எடுத்தேன். ஆணைப் பிடிக்க வேறு வழி கிடைத்தது. வீட்டுப் பின்புறம் கிருஷ்ணகிரீடம் அடுக்கடுக்காகச் சிவந்து பூத்தபோது காலை பத்து மணிக்கு அதுவாகவே வந்தது. மலைமலையாக ஏறியவனுக்குக் கொல்லைப்புறத்தில் குளிக்கும் கல்மேல் உட்கார்ந்தபடி படம்.

அதிலிருந்து செடியைத் தேடுவதுதான் என் முதல் வேலை. ஈஸ்வரமூலியையும் அதன் உறவுக் கொடிகளையும் கண்டால் சதர்ன் பேர்ட்விங், அதாவது பொன்னழகி, அங்கே வரும். கிலுகிலுப்பைச் செடி வாடிக் கிடந்தால் புளூ டைகரும் காக்கைக் கறுப்பில் குரோ இனங்களும் மொய்க்கும். அந்தச் செடிகளில் இருக்கும் ஒரு கசப்புச் சத்தை ஆண்கள் உறிஞ்சித் தங்கள் வாசனையைத் தயாரித்துக்கொள்கின்றன. பூச்சியின் பெயர் இருபது தெரிவதைவிடச் செடியின் பெயர் ஐந்து தெரிவது மேல் என்பது என் கணக்கு.

செடி விஷயத்தில் நான் செய்த பாவம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2018இல் ஒரு பொன்னழகி பூவில் தொங்கிக்கொண்டிருந்தது. நம் உள்ளங்கையை விரித்தால் எவ்வளவோ அவ்வளவு அகலம், சிறகின் பின்பாதி முழுக்கப் பொன்மஞ்சள். குறுக்கே ஒரு கொடி தொங்கிப் படத்தைக் கெடுத்தது. பிடுங்கி எறிந்தேன். படம் அருமையாக வந்தது. அதைப் பார்த்து எத்தனையோ பேர் பாராட்டினார்கள். சாயங்காலம் அதே வழியில் திரும்பும்போது பாதையோரம் வாடிக் கிடந்த கொடியைப் பார்த்தேன். ஈஸ்வரமூலி. இலையடியில் முதுகெல்லாம் சதைமுள் வைத்த இரண்டு கருஞ்சிவப்புப் புழுக்கள், தின்ன இலை இல்லாமல் தண்டில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. பொன்னழகியின் புழுவா, ரோஸ் இனத்துப் புழுவா என்று பிரித்துச் சொல்ல அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்து என்ன? கொடியோடு எடுத்துப் போய் இன்னொரு ஈஸ்வரமூலியில் விட்டேன். பிழைத்ததா என்று பார்க்க மறுநாள் போனபோது இரண்டையும் காணவில்லை. அந்தப் படத்தை இப்போது யாருக்கும் காட்டுவதில்லை. குறுக்கே இலை வந்தால் வரட்டும். தாங்க முடியாவிட்டால் ஒரு நூலால் ஓரமாக இழுத்துக் கட்டி, எடுத்தபின் அவிழ்த்துவிடுங்கள்.

இனி அந்திப்பூச்சிக்கு, அதாவது சித்தப்பா சருகு என்ற டிராவன்கூர் ஈவ்னிங் பிரவுனுக்கு, வருகிறேன். வாயில் நுழைய வசதியாக நான் வைத்த பெயர் இது.

2017 ஐப்பசியில் ஒரு சாயங்காலம். ஷீட் அடித்துவிட்டு எல்லை ஓடை வழியாக வந்துகொண்டிருந்தேன். ஓடைக்கு அந்தப் பக்கம் ரிசர்வ் காடு, இந்தப் பக்கம் எங்கள் வேலி. இரு கரையிலும் ஈற்றை. கனம் குறைந்து, ஆள் உயரத்துக்கு மேல் நெருக்கமாகப் புதர் போடும். கூடை முடைவதும் பாய் நெய்வதும் அதில்தான். அந்தப் புதரிலிருந்து ஒரு பழுப்புப் பூச்சி தள்ளாடிக்கொண்டு வெளியே வந்தது. காமன் ஈவ்னிங் பிரவுன் என்று நினைத்தேன். அது வீட்டு விளக்குக்குக்கூட வரும். ஆனால் இது திரும்பியபோது மேல்சிறகில் ஊதாவாக ஒரு கீற்று தெரிந்து மறைந்தது. கத்திரிப்பூ நிறம். அப்புறம் ஒரு இலையடியில் போய் உட்கார்ந்துவிட்டது, ஆறடி தூரத்தில்.

கேமரா கையில் இருந்தது. அழுத்தியிருந்தால் ஏதோ ஒரு படம் வந்திருக்கும். நான் அழுத்தவில்லை. வெளிச்சம் போதாது, ஐஎஸ்ஓ ஏற்ற வேண்டும். பின்னால் ஓடை வெள்ளையாகத் தெரிகிறது, இடது பக்கம் இரண்டடி நகர்ந்தால் பின்புலம் இருட்டாக அமையும். அதுவரை எடுத்த அழகுப் படங்களின் கர்வம் முழுக்க அந்த நேரத்தில் தலையில் ஏறியிருந்தது. இரண்டாவது அடியில் சருகு நொறுங்கியது. பூச்சி எழுந்து புதருக்குள் போயிற்று, அவ்வளவுதான்.

விஷயம் தெரிந்த ஒருவரிடம் போனில் விவரம் சொன்னேன். ஊதாக் கீற்று, ஈற்றை, அந்தி நேரம். அவர் குரலே மாறிவிட்டது. “படம் இருக்கா?” என்றார். இல்லை. “சும்மா ஒரு ஷாட்கூட இல்லையா?” இல்லை. “சரி, அடுத்த தடவை பார்க்கலாம்” என்று வைத்துவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அரிய பூச்சியைப் பொறுத்தவரை படம் இல்லையென்றால் அது அங்கே இருந்ததற்குச் சாட்சி இல்லை. நான் அழகான படத்துக்கு ஆசைப்பட்டுச் சாட்சியைத் தொலைத்தேன். அதன்பின் கிட்டத்தட்ட மூன்று வருஷம் அது கண்ணிலேயே படவில்லை.

யாராவது ஒரே ஒரு விஷயம் சொல்லுங்கள் என்று கேட்டால் இதைத்தான் சொல்கிறேன். புதிய பூச்சி கண்ணில் பட்டதும் இருக்கிற இடத்திலேயே, இருக்கிற வெளிச்சத்தில், ஒரு கேவலமான படத்தை முதலில் எடு. கலங்கட்டும், சாயட்டும், பாதிச் சிறகு வெட்டுப்படட்டும். அப்புறம் ஒரு அடி முன்னால் வைத்து இன்னொன்று. அப்புறம் இன்னொரு அடி. பூச்சி எப்போது எழுந்தாலும் கையில் அதுவரைக்குமான சிறந்த படம் இருக்கும்.

சிறகின் அடிப்பக்கத்தை விடாதே என்பதும் இதோடு சேர்ந்ததுதான். விரித்த சிறகின் மேல்பக்கம்தான் கண்ணைக் கவரும். ஆனால் நீலப் பூச்சிகள், புஷ்பிரவுன்கள் போன்ற கூட்டங்களில் ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிப்பது அடிப்பக்கக் கோடும் கண்புள்ளியும்தான். அதிலும் புஷ்பிரவுன்கள் ஏமாற்றுக்காரப் பூச்சிகள். மழைக்காலத்தில் கண்ணு கண்ணாகப் புள்ளி வைத்திருக்கும், வேனலில் அதே இனம் புள்ளியெல்லாம் அழிந்து வெறும் சருகாக வரும். ஒரே பூச்சியை இரண்டு இனமாக ஒரு வருஷம் முழுக்க எழுதி வைத்திருந்தேன். எடுத்த தேதியைக் குறித்து வைக்காவிட்டால் இதெல்லாம் பிடிபடாது.

2019இல் என்னைத் தடுத்தது பூச்சியில்லை, பூஞ்சை. எங்கள் ஊர் மழையில் ஆனி மாதம் பீரோவில் வைத்த சட்டையே பூத்துப்போகும். லென்ஸைத் துணிப்பையில் சுற்றி வைத்திருந்தேன். ஆவணியில் எடுத்தபோது உள்ளே சிலந்தி வலை மாதிரி பூஞ்சைக் கோடு. டவுனில் ஒரு கடையில் கொடுத்ததற்கு இரண்டாயிரத்து ஐந்நூறு வாங்கிக்கொண்டு, துடைத்துத் தந்தார்கள். ஃபோகஸ் வளையம் அதன்பிறகு கரகரவென்றுதான் சுற்றுகிறது. இப்போது ரப்பர் வளையம் வைத்த மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைக்கிறேன். ஜெல் நிறம் மாறினால் வாணலியில் வறுத்துத் திரும்பப் போடலாம். காட்டில் காலில் ஏறும் அட்டைக்கு மருந்து கேட்கிறவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: காலுறைக்கு மேல் மூக்குப்பொடி தடவிக்கொள்ளுங்கள். உப்பும் வேலை செய்யும், ஆனால் மழையில் கரைந்துவிடும்.

அந்திப்பூச்சிக்குத் திரும்ப வழிகாட்டியது ஈற்றை வெட்டும் ஒரு அண்ணாச்சி. முப்பது வருஷமாக அந்த ஓடையில் ஈற்றை எடுக்கிறவர். அவருக்குப் பெயர் தெரியாது, பழக்கம் தெரியும். “பகல்ல கத்தி போடையில புதருக்குள்ளேருந்து எந்திச்சு நாலடி தள்ளி ஒக்காருமே, அதானே? அது ராக்குருடு மாதிரி. பொழுது சாஞ்சாத்தான் வெளிய வரும்.” அதன் புழுவும் ஈற்றை இலையைத்தான் தின்கிறது. பிறப்பிலிருந்து சாவு வரை அந்தப் புதர்தான் அதற்கு வீடு. வெட்டு முடிந்து புதர் தழைத்து வரும் இடம், தண்ணீர் பக்கம், மேலே மரநிழல், இந்த மூன்றும் சேர்ந்த இடங்களை அவர் காட்டினார்.

கூடவே ஒரு எச்சரிக்கையும் வந்தது. ஈற்றை யானைக்கும் பிடித்த தீனி. பூச்சி வெளியே வரும் அதே நேரத்தில்தான் யானையும் ஓடைக்கு இறங்கும். “அங்கன நிக்கையில கண்ணை நம்பாத தம்பி, காதை நம்பு. ஈத்தை ஒடிஞ்சா பட்டாசு மாதிரி கேக்கும். ஒருதரம் கேட்டா எங்கேயோ. ரெண்டாந்தரம் கிட்டத்துல கேட்டா, கேமராவ மடக்காதே, அப்படியே தூக்கிட்டு வந்துரு.” அன்றிலிருந்து மூன்று கட்டுப்பாடு வைத்திருக்கிறேன். தனியாகப் போவதில்லை. எங்கள் வேலியைத் தாண்டி ரிசர்வுக்குள் கால் வைப்பதில்லை. அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம் என்பதோடு, ஏதாவது ஆனால் தேடக்கூட ஆள் வராது. ஆறே முக்காலுக்கு மேல் ஒரு நிமிஷம் நிற்பதில்லை, பூச்சி மூக்கில் வந்து உட்கார்ந்தாலும்.

இருட்டில் எடுக்க ஒரு ஏற்பாடு வேண்டும். கேமராவின் சொந்த ஃபிளாஷ் போதும், ஆனால் லென்ஸ் முகப்பில் மாட்டும் குழல் மறைப்பை (ஹூட்) கழற்றிவிட வேண்டும், இல்லையென்றால் படத்தின் அடியில் அரைவட்ட நிழல் விழும். ஃபிளாஷ் முன்னால் வெள்ளைப் பிளாஸ்டிக் டப்பா மூடியை வெட்டி மாட்டினேன். சிறகின் மினுமினுப்பு அடங்கும். ஃபோகஸ் பிடிக்க வெளிச்சம்? பால்வெட்டு விளக்கே இருக்கிறதே. அதன்மேல் பழைய சிவப்புக் கண்ணாடிக் காகிதம் ஒட்டி, மங்கலாக்கி நெற்றியில் கட்டிக்கொண்டேன். பூச்சிக்கும் பெரிய தொந்தரவு இல்லை. இந்த ஏற்பாட்டை வைத்துக்கொண்டு ஒரு மாதம் வீட்டுச் சுவரில் உட்காரும் சாதா ஈவ்னிங் பிரவுனிடம் பழகினேன். இருட்டில் எந்தப் பொத்தான் எங்கே என்று விரலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அரிய பூச்சியின் முன்னால் போய்த்தான் பழகுவேன் என்றால் 2017 திரும்ப வரும்.

2020 புரட்டாசியில் ஆறாவது சாயங்காலம். அண்ணாச்சி பின்னால் பாறையில் பீடியைப் பற்றவைக்காமல் வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆறு இருபதுக்கு ஒன்று வந்தது. தண்ணீர்மேல் தாழ்வாக ஒரு சுற்று, புதர் ஓரமாக ஒரு சுற்று. ஊதாக் கீற்று தெரிந்தது, மறைந்தது. உட்கார்ந்ததும் பழுப்பு இலை. இந்த முறை நகரவில்லை. இருந்த இடத்திலிருந்து அழுத்தினேன். ஒரு அடி, அழுத்தினேன். இன்னொரு அடி வைக்கும்போது மேற்கே ஈற்றை ஒடிந்தது. அண்ணாச்சி என் சட்டைப் பின்புறத்தைப் பிடித்தார். மூன்றாவது ஒன்றை அழுத்துவதற்குள் இன்னொரு சத்தம், கிட்டத்தில். வந்துவிட்டோம். மேட்டில் ஏறிய பிறகுதான் எனக்குக் கை நடுங்கியது. அண்ணாச்சி அப்போதுதான் பீடியைப் பற்றவைத்தார்.

மூன்றில் முதலாவது வெறும் இருட்டு, மூன்றாவதில் பூச்சியே இல்லை. நடுவில் உள்ளதுதான் சித்தப்பா பார்த்த சருகு. சிறகின் ஓரம் எங்கே வளைகிறது, குறுக்குக் கோடு எப்படிப் போகிறது என்பது தெரிகிற அளவு தெளிவு. விஷயம் தெரிந்த அதே மனிதருக்கு அனுப்பினேன். பதில் வர இருபது நிமிஷம் ஆயிற்று. ‘அதேதான்’ என்று ஒற்றை வார்த்தை.

ஊதாக் கீற்று இதுவரை என் எந்தப் படத்திலும் இல்லை. நான் பார்த்தவரை அது சிறகை விரித்து உட்காருவதே இல்லை. பறக்கும்போது மட்டும்தான் தெரியும், பறக்கும்போது வெளிச்சம் இருக்காது. 1880 வாக்கில் கல்கத்தா அருங்காட்சியகத்தில் இருந்த உட்-மேசன் இதற்குப் பெயர் வைத்தபோது அவர் முன்னால் ஊசி குத்தி விரித்த சிறகு இருந்திருக்கும், அந்த நிறத்தை நிதானமாகப் பார்த்திருப்பார். பூச்சியின் ஆங்கிலப் பெயரில் திருவிதாங்கூர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எங்கள் தாத்தாவின் பழைய காகிதங்களிலும் அதே பெயர்தான். 1956 வரை செங்கோட்டைகூடத் திருவிதாங்கூர்ப் பக்கம்தான் இருந்தது. எல்லைக்கோடு நகர்ந்துவிட்டது, பூச்சி பழைய விலாசத்திலேயே இருக்கிறது.

படத்தைப் பதிவு செய்யும்போது இடத்தை மறைத்துத்தான் போட்டேன். ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்களில் சரியான புள்ளியைக் காட்டாமல் சுற்றுவட்டாரத்தை மட்டும் காட்டும் வசதி இருக்கிறது. போனில் எடுக்கிறவர்கள் படத்தோடு இடக்குறிப்பும் போகிறதா என்று பார்த்து அணைத்துவிடுங்கள். நான் இவ்வளவு கவனமாக இருந்தும் ஒரு வாரத்தில் ஒருவர் போன் செய்தார். இடம் காட்டினால் ஐயாயிரம் தருகிறேன் என்றார். படம் எடுக்கவா என்று கேட்டேன். பதிலை இழுத்தார். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972லிருந்தே இருக்கிறது, பட்டியலில் உள்ள பட்டாம்பூச்சியைப் பிடித்தால் ஜெயில். ஆனாலும் ஊசி குத்திப் பெட்டியில் வைக்க ஆசைப்படுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். படம்தான் நோக்கம் என்று சொல்லிக்கொண்டு பூச்சியைப் பிடித்து ஐஸ் பெட்டியில் குளிரவைத்து, அசையாமல் ஆனதும் பூமேல் வைத்து எடுக்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அப்படி எடுத்த படத்தில் காலைப் பாருங்கள். உயிரோட்டமாக உட்கார்ந்த பூச்சி பூவைப் பற்றியிருக்கும். குளிரவைத்தது ஒட்டிக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கும்.

போன மாதம் சித்தப்பாவிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு படம். சுவர்க் கடிகாரம் பாதி, டியூப் லைட் பாதி, நடுவில் கலங்கலாக ஒரு பழுப்பு முக்கோணம். பின்னாலேயே போன். “ஏலே, ஒன் சருகு எங்க வீட்டுக்கே வந்துட்டு!”

சாதா ஈவ்னிங் பிரவுன்தான். அதை அப்போது சொல்லவில்லை. “நல்லாப் புடிச்சிருக்கிய சித்தப்பா. இப்ப ஒரு எட்டு முன்னால வச்சு, பக்கவாட்டுல இருந்து இன்னொண்ணு எடுங்க. லைட்ட மறைக்காம நில்லுங்க” என்றேன்.

ஐந்து நிமிஷத்தில் இரண்டாவது வந்தது. கட்டைவிரல் ஓரத்தில் விழுந்திருந்தது. ஆனால் கண்புள்ளி ஆறும் எண்ணுகிற மாதிரி தெரிந்தன.